கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம்

தேர்வுக் காலம் நெருங்கும்போது என்னிடம் வரும் பல்கலைக்கழக மாணவர்களில் பலர், "டாக்டர், எனக்குப் பவர் வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருகிறார்கள். மாலையானால் கண் எரிகிறது, நெற்றி கனக்கிறது, வகுப்பில் திரையில் காட்டும் எழுத்து மங்குகிறது. நான் முதலில் கேட்பது, "காலையில் எழுந்தவுடன் தூரத்தில் இருப்பது எப்படித் தெரிகிறது?" என்றுதான். "அப்போது தெளிவாகத்தான் தெரிகிறது" என்று பதில் வந்தால், கண்ணாடி எழுதுவதை நிறுத்திவைக்கிறேன். உண்மையான கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கும் குறைபாடு, காலையில் விலகி மாலையில் திரும்புவதில்லை.

அருகில் உள்ளதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை சுருங்கி வில்லையைத் தடிப்பாக்க வேண்டும். இந்த உழைப்பை டயாப்டர் என்ற அலகில் அளக்கிறோம்; கண்ணாடியின் பவருக்கும் அதே அலகுதான். அரை மீட்டரில் இருக்கும் திரைக்கு 2 டயாப்டர் உழைப்பு போதும். படுத்துக்கொண்டு 20 சென்டிமீட்டரில் கைபேசியைப் பிடித்தால் அது 5 டயாப்டர். மணிக்கணக்கில் இப்படிச் சுருங்கிய தசை, நிமிர்ந்து பார்க்கும்போது உடனே தளர்வதில்லை. அந்த நிலையில் சோதித்தால் கருவி கிட்டப்பார்வைக்குரிய மைனஸ் பவர் காட்டும். அதை நம்பிக் கண்ணாடி போட்டால், அருகில் படிக்கும்போது தசை இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். மைனஸ் ஒன்றேகால் கண்ணாடியோடு வந்த இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு, தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தபோது பவர் ஏறக்குறைய பூஜ்யம். அந்தக் கண்ணாடியை வாங்கிய பிறகுதான் தலைவலி அதிகமானது என்று அவள் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. தவிர்த்திருக்கக்கூடிய வலி அது.

எரிச்சலின் கதை வேறு. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும் நாம், திரையில் ஆழ்ந்துவிட்டால் ஐந்தாறு முறைதான் இமைக்கிறோம். அதிலும் பல அரை இமைப்பு. மேலிமை கீழிமையைத் தொடுவதே இல்லை. முழுதாக இமைத்தால்தான் இமை விளிம்பின் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் வெளிவந்து, கண்ணீர் ஆவியாகாமல் காக்கும். ஆகவே வேலைக்கு நடுவே சில முறை கண்ணை மெதுவாக, முழுமையாக மூடித் திறந்து பழகுங்கள்.

புத்தக அடுக்கின் மேல் திரையை உயர்த்தி வைக்கும் பழக்கத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். கழுத்துக்கு நல்லதென்று செய்கிறார்கள். ஆனால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டினால் கண் அகலத் திறந்து விரைவில் உலர்ந்துவிடும். மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது விநாடி பார்க்கச் சொல்லும் விதி பலருக்கும் தெரியும். ஆனால் அந்த இடைவேளையில் கைபேசியை எடுக்கிறார்கள். தசைக்கு அது ஓய்வே அல்ல. ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவிட வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, கணினியால் வரும் கண் சோர்வைச் சாதாரணக் கண்ணாடியைவிட அது குறைப்பதாகத் தெரியவில்லை. சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடுவதையும் விட்டுவிடுங்கள். நிறுத்தியதும் சிவப்பு கூடுதலாகத் திரும்பும்.

எல்லோருக்கும் கண்ணாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததால் வரும் சிதறல் பார்வைக் குறைபாடு சிறிதாக இருந்தால்கூடத் திரை முன் பெரும் தொல்லை தரும். அதற்குக் கண்ணாடி அவசியம். மின்னல் போன்ற ஒளி, திடீரென மிதக்கும் கரும்புள்ளிகள், திரைச்சீலை விழுந்தது போன்ற மறைப்பு ஆகியவை கணினிச் சோர்வு அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மற்றபடி பரிசோதனைக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் வராதீர்கள். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டால் ஒரு நாள் வரைகூட வெளிச்சம் கூசும், அருகில் உள்ள எழுத்து கலங்கும். ஒரு வாரம் முன்னதாக வாருங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு.