பங்காளிகள் ஒப்பாத சுவர்: ஜாவாஸ்கிரிப்ட் திருத்தப்படும் விதம்

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ உள்ள பெரிய வீடொன்றில் ஒரு தூணை மாற்ற வேண்டுமென்றால், கொத்தனாரைத் தேடுவதற்கு முன்பு பங்காளிகளைத் தேட வேண்டியிருக்கும். ஒருவர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் மலேசியாவில் இருப்பார். வளவில் அவர்களுடைய அறைகள் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தாலும், அவர்கள் ஒப்பாமல் பொதுச்சுவரில் கை வைக்க முடியாது. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் நிலையும் இதுதான். ஆனால் அங்கே பங்காளிகள் எத்தனை பேர் என்ற கணக்கே யாரிடமும் இல்லை.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் முதல் வடிவம் கொடுத்த இம்மொழிக்கு, 1997-இல் எக்மா என்னும் தரநிலை அமைப்பு தரநிலை வெளியிட்டது. அதைத் திருத்தும் பொறுப்பு டிசி39 என்னும் குழுவிடம் உள்ளது. உலாவி தயாரிப்பவர்களும் பிற நிறுவனத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் அக்குழுவில் இருக்கிறார்கள். ஒரு முன்மொழிவு சுழியத்திலிருந்து நான்காம் நிலை வரை ஏறினால்தான் தரநிலையில் இடம்பெறும். நான்காம் நிலைக்கு, அது குறைந்தது இரண்டு செயலாக்கங்களில், அதாவது உலாவி போல அம்மொழியை இயக்கும் மென்பொருள்களில், சோதனைகளைக் கடந்து ஓடியிருக்க வேண்டும். பெரும்பான்மை வாக்கால் எதுவும் முடிவாவதில்லை. எல்லோரும் இசைய வேண்டும்.

குழு இசைந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது என்பதை 2018-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. தரவுகளின் பட்டியலை நிரலர்கள் அணி என்பார்கள். அணிக்குள் அணியாக அடுக்கப்பட்ட தரவுகளை ஒரே வரிசையாக்கும் செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) ஒன்றுக்கு ‘ஃபிளாட்டன்’ என்று பெயரிட்டிருந்தார்கள். கல்யாணச் சாமான் பரப்பும்போது அடுக்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைப்பதைப் போன்ற வேலை அது. பயர்பாக்ஸ் உலாவியின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும் ஒரு வலைத்தளம் பழுதானது.

காரணம், மூடூல்ஸ் என்னும் பழைய நிரல்தொகுப்பு. அது ‘ஃபிளாட்டன்’ என்ற அதே பெயரில் தானே ஒரு செயற்கூற்றை எல்லா அணிகளுக்கும் பொருத்திவிட்டு, பிறகு அணிகளின் செயற்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் தன்னுடைய வேறொரு தொகுதிக்கு நகலெடுத்துக்கொள்ளும். மொழியிலேயே பிறந்த செயற்கூறுகளோ அப்படி எண்ணும்போது கண்ணில் படாதவை. அதே பெயர் மொழியில் முன்பே இருந்துவிட்டால், மூடூல்ஸ் உள்ளடக்கத்தை மாற்றி எழுதினாலும், மறைந்திருக்கும் அந்த இயல்பு மட்டும் மாறுவதில்லை. ஆகவே நகலெடுப்பில் ‘ஃபிளாட்டன்’ விடுபட்டு, அதை நம்பி எழுதிய பக்கங்கள் நின்றுபோகும்.

மூடூல்ஸ் வழக்கொழிந்துவிட்டது, போகட்டும் என்று சிலர் வாதிட்டனர். அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் பலர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவே போவதில்லை என்பதால், இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. வேடிக்கையாக ‘ஸ்மூஷ்’ என்ற பெயரும் முன்வைக்கப்பட்டு, அதுவே பெரும் சச்சரவானது. இறுதியில் மே மாதக் கூட்டத்தில் ‘ஃபிளாட்’ என்று முடிவாகி, 2019 பதிப்பில் இடம்பெற்றது.

பைத்தான் மொழியினர் வேறு வழியில் சென்றார்கள். 2008-இல் பழையதோடு பொருந்தாத மூன்றாம் பதிப்பை வெளியிட்டுவிட்டு, இரண்டாம் பதிப்பைக் கைவிட 2020 வரை காத்திருந்தார்கள். பைத்தானில் எந்தப் பதிப்பை நிறுவுவது என்பது நிரலரின் கையில் இருக்கிறது. இணையப் பக்கத்தை எழுதியவருக்கோ வாசகர் எந்த உலாவியில் அதைத் திறப்பார் என்பது தெரியாது.

ஆகவே ஜாவாஸ்கிரிப்டில் பழைய சுவர் அப்படியே நிற்க, பக்கத்தில் புதிய அறை கட்டப்படுகிறது. ‘செட்டிநாடு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் அம்மொழி பத்து என்று சொல்லும். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது தனித்தனியே எண்ணுகிறது. அந்த விடையை நம்பி ஓடும் நிரல்கள் ஏராளம் என்பதால் அதைத் திருத்தவில்லை. நாம் எண்ணுவதைப் போல ஐந்து எழுத்து என்று சொல்ல, ‘செக்மென்டர்’ என்னும் தனிக் கருவியை ஒரு துணைத் தரநிலையில் சேர்த்திருக்கிறார்கள்.