தீவுக்கு டொக்டர் எப்படி வருகிறார், அங்கே நமக்கு என்ன உரிமை இருக்கிறது

சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்கிவிட்டால், யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவின் கடலை நம்ப முடியாது. நல்ல நாளிலேயே குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு. பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தரைவழியாக வந்துதான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியைப் பிடிக்க வேண்டும். இரவில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால் முதலில் பார்க்கிறவர் நெடுந்தீவு பிரதேச வைத்தியசாலையின் டொக்டர். பெரியாஸ்பத்திரியில் இருக்கும் விசேட வைத்திய நிபுணரோ, ஸ்கேனோ, சத்திரசிகிச்சைக்கூடமோ அவர் பக்கத்தில் இல்லை. இங்கே வைத்துப் பார்ப்பதா, கடல் தாண்டி அனுப்புவதா என்ற முடிவை அவர்தான் எடுக்க வேண்டும். அனுப்பினால் படகில் தாங்குவாரா என்றும் அவரே யோசிக்க வேண்டும். இதைவிடக் கடினமான டொக்டர் வேலை நம் மாவட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்த டொக்டரை யார் அனுப்புகிறார்கள்? மருத்துவப் பட்டம் பெற்றவர் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்து, இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு எடுத்த பிறகு, கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சு நியமனம் கொடுக்கிறது. வெற்றிடங்களை அறிவித்து, திறமைப் பட்டியல் வரிசைப்படி இடம் தெரிவுசெய்ய விடுவார்கள். மேலே இருப்பவர்கள் நகரங்களை எடுத்துக்கொள்ள, தீவுகளும் எல்லைக் கிராமங்களும் கடைசியில் மிஞ்சும். அதனால்தான் தீவுக்கு வருகிறவர் பெரும்பாலும் இளம் டொக்டர். வருடாந்த இடமாற்றம் வந்து அவர் போனதும் அடுத்தவர் உடனே வந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல டொக்டர்மார் நாட்டை விட்டே போனதில் இந்த இடைவெளி இன்னும் கூடியது.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. நியமனம் கொடுப்பது கொழும்பு. ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு ஆஸ்பத்திரிகளை நடத்துவது வடக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம். அதன் மாவட்டப் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ நேரடியாக மத்திய அமைச்சின் கீழ். ஆகவே டொக்டர் இல்லையென்று ஆஸ்பத்திரித் தாதியிடம் கோபப்பட்டுப் பயனில்லை. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் கடமைக்கு ஆள் அனுப்பும்படி கேட்க வேண்டிய இடம் அந்தப் பணிப்பாளரின் பிராந்தியப் பணிமனை.

படித்த டொக்டர் ஊரில் தங்குவதில்லை என்பது புதிய கவலையும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க வேலைக்கென்று வெளியூர் போவதைப் பார்த்த பிறகு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவர் தமிழ்க் கிராமத்தில் இருப்பார் என்பது அவருடைய எண்ணம். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். எனக்கு அந்த மனிதர் மேல் இன்றும் பெரிய மரியாதை.

சரி, உரிமைக்கு வருவோம். அரச ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கும், மருந்துக்கும், வார்டில் தங்குவதற்கும் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அதே சேவைக்குள்தான் வரும் என்பது. டொக்டர் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தால், ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. நோயாளர் காவு படகு ஓடமுடியாத வேளைகளில் கடற்படையின் படகில் நோயாளிகளைக் கொண்டுவந்த சம்பவங்கள் எத்தனையோ. பயந்துபோய் நீங்களே மீன்பிடிப் படகு பிடித்து ஓடாதீர்கள். ஆஸ்பத்திரி வழியாகப் போனால் கையில் டொக்டர் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கும், முதல் மருந்து ஏறியிருக்கும், அந்தப் பக்கத்துக்கும் சொல்லியிருப்பார்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அழைப்பும் இலவசம், பயணமும் இலவசம். ஆனால் அது தரையில் ஓடும் வண்டி. வீட்டிலோ தெருவிலோ விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் தரைவழி இருப்பதால் அங்குள்ளவர்கள் தயங்காமல் அழைக்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்காரருக்கு முதல் வாசல் அவரவர் தீவின் அரச ஆஸ்பத்திரியோ மருத்துவ நிலையமோதான்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊர் மருத்துவிச்சி, வீட்டுக்கு வந்து பார்ப்பது அவருடைய கடமை, நமது உரிமை. எந்த நாளில் தீவை விட்டு யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று அவரிடமும் டொக்டரிடமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலி தொடங்கிய பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது மிகப் பெரிய ஆபத்து. கிளினிக் கொப்பி எப்போதும் கையில் இருக்கட்டும். புது டொக்டர் வந்தால் உங்களைப் பற்றி அவருக்குச் சொல்லப்போவது அந்தக் கொப்பிதான்.

மாதக்கணக்கில் டொக்டர் இல்லாமல் போனால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பிராந்தியப் பணிமனையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள்: எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட டொக்டர் ஆளணி எத்தனை, இன்று கடமையில் இருப்பவர் எத்தனை, வெற்றிடம் எந்தத் திகதியில் அமைச்சுக்கு அறிவிக்கப்பட்டது, பதில் கடமைக்கு யாரும் வராத நாட்கள் எவை.