நோட்டு யார் கையில், கருவி யார் கையில்?

இயற்பியல் ஆய்வகத்தில் நான்கு பேரை ஒரு மேசையில் நிறுத்தினால் வேலை தானாகவே பிரிந்துவிடும். பையன்கள் மின்சுற்றை இணைப்பார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் பெண் அளவீடுகளைக் குறித்துக்கொள்வாள். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ரெக்கார்டு நோட்டு அழகாக வந்துவிடுவதால் எங்களைப் போன்ற ஆசிரியர்களும் கண்டுகொள்வதில்லை. ஆண்டு முடிவில் ஓம் விதிக்கான வரைபடத்தை அந்தப் பெண் பிசகில்லாமல் வரைவாள். ஆனால் அம்மீட்டரின் திருகை ஒருமுறைகூட முடுக்கியிருக்க மாட்டாள். பிறகு, "எனக்கு பிராக்டிகல் வராது மிஸ்" என்பாள். வராமல் என்ன, தொடவே விடவில்லையே!

இது ஆய்வகத்துக்கு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 2017-இல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. மிக மிகப் புத்திசாலி யார் என்று கேட்டால், ஐந்து வயதில் பையன்களைப் போலவே பெண் குழந்தைகளும் தங்கள் பாலினத்தையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகளிடம் அது குறைந்துவிட்டது. 'மிக மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு' என்று சொன்னதும் அவர்களுக்கு அதில் ஆர்வமும் குறைந்தது. பாடப்பிரிவு எடுக்கும் வயதில் மேடை போட்டு ஊக்க உரை நிகழ்த்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

முன்னோடிகளைப் பற்றிச் சொல்வதென்றால், நோபல் பரிசுப் பட்டியலை விட அவர்கள் கையால் செய்த வேலையைச் சொல்லுங்கள். 1967-இல் பல்சரின் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் ஒரு வகை விண்மீன்) துடிப்பை முதலில் கவனித்தவர் ஜோசலின் பெல் பர்னெல், அப்போது கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. அந்த ரேடியோ தொலைநோக்கியை அமைக்க மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கம்பங்கள் நட்டார், கம்பி இழுத்தார். ஆராய்ச்சி முடியும்போது தனக்குச் சம்மட்டி வீசத் தெரிந்திருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தினமும் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வந்து விழுந்த வரைபடத் தாளைக் கண்ணால் அலசியபோதுதான் அந்தச் சிறு பிசிறு அகப்பட்டது. இந்தக் கதையைச் சொன்னால் மாணவிகள் முதலில் கேட்பது, "நிஜமாவே சம்மட்டியா மிஸ்?"

என் வகுப்பில் இப்போது நோட்டும் கருவியும் வாரந்தோறும் கை மாறுகின்றன. அதைவிடக் கடினமானது, பல்பு எரியாதபோது நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பையன் தடுமாறினால் "நல்லா பாருடா" என்கிறோம். பெண் தடுமாறினால் "கொடும்மா, நான் பண்றேன்" என்று வாங்கிவிடுகிறோம். கனிவோடு செய்வதுதான், ஆனால் பிழையைத் தேடிப் பிடிக்கும் வாய்ப்பு அவளுக்குப் போய்விடுகிறது. மின்கலங்களில் ஒன்று தலைகீழாக இருக்கிறதா, கம்பி முனையில் உறை சீவப்பட்டிருக்கிறதா என்று அவளே ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

வீட்டில் ஓடாத சுவர்க்கடிகாரம், பழைய டார்ச் இருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு உங்கள் மகளிடம் கொடுங்கள். பேட்டரியில் இயங்குபவை மட்டும். அந்தப் பேட்டரியையும் கழற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள். பிளக் வைத்த எதுவும் வேண்டாம். திரும்பப் பூட்டத் தெரியாமல் திருகுகள் மிஞ்சினால் திட்டாதீர்கள்.