இரட்டிப்பாக 12 ஆண்டுகள்

"2022-இல் வீட்டு வரியை 50 சதவீதம் ஏற்றினார்கள். 2024-இல் மறுபடியும் 6 சதவீதம். மாநகராட்சிக்கு எவ்வளவுதான் போதும்?" என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கான விடை மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகையில் பாதி, மாநில அரசு இயங்கும் கோட்டையில் பாதி இருக்கிறது.

உள்ளாட்சி அமைப்பு தன் விருப்பத்துக்கு வரி போட முடியாது. மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டம் அனுமதிக்க வேண்டும். கணக்கு எளிதுதான்: கட்டடத்தின் பரப்பு, அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த சதுர அடி மதிப்பு, அதிலிருந்து ஆண்டு வாடகை மதிப்பு, அதில் ஒரு பங்கு அரையாண்டு வரி. சென்னையில் 1998-இல் சீரமைத்த வரி, இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2018-இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதையும் நிறுத்திவைத்தார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 72-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால், ஒரு தொகை எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். குப்பை அள்ளும் கூலியும் டீசலும் தெருவிளக்கு மின்சாரமும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. ஆக, 1998-இல் 1,000 ரூபாயில் முடிந்த வேலைக்கு 2010-இல் 2,000, 2022-இல் 4,000 வேண்டும். ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரி கட்டிய வீடோ அதே 1,000-ஐத்தான் கட்டிக்கொண்டிருந்தது. 24 ஆண்டுகளில் மாநகராட்சி பெற்றது 24,000 ரூபாய். வரியும் 6 சதவீதம் ஏறியிருந்தால் 50,000-ஐத் தாண்டியிருக்கும். பாதிக்கு மேல் போய்விட்டது! முதல் சில ஆண்டுகளில் 60, 120 என்று கண்ணுக்கே தெரியாத பள்ளம். கடைசி ஆண்டில் மட்டும் அது ஏறத்தாழ 2,800 ரூபாய். கூட்டு வட்டி நம் பக்கம் இருக்கும்போது தோழன், எதிர்ப்பக்கம் போனால் கறையான்.

பள்ளத்தை மாநில அரசின் பகிர்வும், மத்திய அரசின் நிதியை எப்படிப் பகிர வேண்டும் என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் மானியமும் ஓரளவு நிரப்பின. ஆனால் 15-வது நிதிக்குழு, நகர்ப்புற மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை மாநிலம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு இணையாக உயர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதன் பிறகே 2022 ஏப்ரல் அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம். அந்த உச்ச உயர்வுகூட இரண்டரை மடங்குதான். நம் கணக்கு கேட்டது நான்கு மடங்கு.

வரியை ஏற்றாமல் இருப்பதே மக்களுக்குச் செய்யும் நன்மை என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவருக்கு ஒரே ஆண்டில் வந்து விழும் 50 சதவீதம்தான் கொடுமை. அவருடைய 1,000 ரூபாய் 2022-இல் 1,500 ஆனது. 2024-இன் 6 சதவீதம் அதில் சேர்த்தது ஆண்டுக்கு 90 ரூபாய், அரையாண்டுக்கு 45.