அப்போப்டோசிஸ்: தற்கொலையா, உதிர்வா?

புதுச்சேரிப் பக்கம் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனவர்கள் 'டோசிஸ்' என்ற சொல்லைக் கேட்டிருக்கலாம். மேல் இமை கீழே இறங்கிவிடும் கோளாறு அது. உடலின் செல் ஒன்று ஒழுங்காகத் தானே மடிவதைக் குறிக்கும் 'அப்போப்டோசிஸ்' என்பதிலும் அதே கிரேக்கச் சொல்தான் இருக்கிறது. 'ப்டோசிஸ்' என்றால் விழுதல், 'அப்போ' என்றால் விலகி. பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறித்த சொல்.

1972-இல் கெர், வில்லி, கர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள். எடுத்துக்கொடுத்தவர் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். இரண்டாவது 'ப்' ஒலிக்க வேண்டாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 'அப்போடோசிஸ்' என்பவரைத் திருத்தப் போகாதீர்கள்.

செல்லின் இந்த உதிர்வு தொடங்கும் முக்கியமான இடம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதன் இரண்டு சவ்வுகளுக்கு இடையே சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் இருக்கிறது. எலெக்ட்ரானைக் கடத்தி, செல்லுக்கு ஆற்றல் கிடைக்கச் செய்வது அதன் அன்றாட வேலை. டிஎன்ஏ சரிசெய்ய முடியாத அளவுக்குச் சிதைந்தால் பாக்ஸ், பேக் என்ற புரதங்கள் வெளிச்சவ்வில் துளை போடும். சைட்டோகுரோம் சி வெளியே கசியும். அதுவரை செல்லை வாழவைத்த புரதமே இப்போது அதன் முடிவைத் தொடங்கிவைக்கிறது. இதை 1996-இல் கண்டறிந்தது ஷியாவ்தோங் வாங் என்ற ஆய்வாளரின் குழு. வெளியே வந்ததும் அபாஃப்-1 புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஏழு ஜோடி சேர்ந்து ஒரு சக்கரமாகி காஸ்பேஸ்-9 நொதியை எழுப்பும், அது காஸ்பேஸ்-3-ஐ எழுப்பும். அப்புறம் செல் சுருங்கி, துண்டுதுண்டாகப் பிரியும். அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். அழற்சி வராது.

துளை விழாமல் தடுப்பது பிசிஎல்-2 புரதம். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்கள் சிலவற்றில் அது மிகுந்துபோவதுதான் சிக்கல். ஜிப்மருக்கு நோயாளியை அழைத்துவரும் உறவினரிடம் "உதிர வேண்டிய செல் உதிரலைங்க" என்றால் போதும், புரிந்துவிடும். வெனிடோக்ளாக்ஸ் மருந்து இந்தப் பிசிஎல்-2-ஐத்தான் முடக்குகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மைட்டோகாண்ட்ரியாவுக்கு 'இழைமணி' கச்சிதம். கிரேக்கத்தில் மிட்டோஸ் இழை, கோண்ட்ரியோன் சிறுமணி. அப்போப்டோசிஸுக்குப் பலர் எழுதும் 'செல் தற்கொலை' எனக்கு ஒட்டவில்லை. செல்லுக்கு ஏது மனக்கசப்பு? 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' பொதுப்பெயர், வேறு வகைச் சாவுகளும் அதில் அடங்கும். பழந்தமிழில் 'வீ' என்றால் உதிரும் பூ. 'வீதல்' என்றால் சாதல். கிரேக்கச் சொல்லைவிட ஒரு படி மேல்! ஆனால் தேர்வுத்தாளில் 'வீ' என்று எழுதினால் மதிப்பெண் வராது. என் தேர்வு 'உயிரணு உதிர்வு'. கட்டுரையில் முதல் முறை மட்டும் பக்கத்தில் அப்போப்டோசிஸ் என்று போட்டுவிட்டு, பிறகு வெறும் 'உதிர்வு' என்றே எழுதிப் போகலாம்.