பிள்ளையைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள்

போன வாரம் ஜீப்பிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையனுக்கு 11 வயது. எஸ்டேட் செக் டேமில் தூண்டில் போடப் போன இடத்தில் கரைச் சேறு வழுக்கி உள்ளே விழுந்துவிட்டான். வெளியே எடுத்து எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டேன். "எடுத்த உடனே தண்ணிய எல்லாம் கக்க வச்சுட்டோம் சிஸ்டர். தலைகீழாப் பிடிச்சு நல்லாச் சுத்துனோம், வயித்தையும் அமுக்குனோம்" என்றார் அவன் சித்தப்பா. வாயில் வாய் வைத்து ஊதினீர்களா என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையை எங்களால் மீட்க முடியவில்லை.

மூணாறுப் பக்கம் 19 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இதே பதிலை எத்தனை தடவைதான் கேட்பது? கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் தூண்டிலோடு வளர்ந்தவள்தான். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். மார்கழி, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்னே என்னை எழுப்பிக் குண்டளை ஏரிப் பக்கம் கூட்டிப் போவார். பூஜ்யத்துக்குக் கீழே போகும் ராத்திரிகளில் லயத்து (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் வைத்த குடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஐஸ் படிந்திருக்கும். அதை விரலால் உடைத்து வாயில் போட்டுக்கொண்டே நடப்பேன். கரையில் உட்கார்ந்ததும் மண்புழுவை முள்ளில் கோக்க அப்பாவுக்குக் கை வராது. விரல் மடங்காது. இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், அப்புறம் கோப்பார்.

புழுவைத் தொடுமுன் இன்னொரு வேலை செய்வார். என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கிராண்டிஸ் மரத்தில் முடிச்சுப் போடுவார். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஆட்டைப் போலக் கட்டிப்போடுகிறாரே என்று அழுதிருக்கிறேன். "கை விறைச்சுப் போனா எதைப் பிடிச்சு ஏறுவ தாயி?" என்பார். அவர் ஆறாவதுக்கு மேல் படிக்காதவர். நர்சிங் படிக்கும்போதுதான் அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்குப் பிடிபட்டது.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் ஒரு பெருமூச்சு தானாக உள்ளே இழுக்கும். அடக்க முடியாது. அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் போகும். அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அதைத் தாண்டினாலும், தண்ணீர் நல்ல குளிர்ச்சியாக இருந்தால் பத்து நிமிடத்துக்குள் கை காலில் பிடிப்பு போய்விடும். கயிறு கைக்கு எட்டினாலும் பிடிக்க வராது. உடம்பு முழுதும் விறைப்பதெல்லாம் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். "என் மகன் நல்லா நீந்துவானே சிஸ்டர்" என்று அழும் தாய்மார்களிடம் இதையெல்லாம் அப்போது எப்படிச் சொல்வேன்?

கனடாவில் இருக்கும் என் சித்தி மகன், உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் விடும் வீடியோ அனுப்பியிருந்தான். ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்கிறதா என்று அளக்காமல் அங்கே கால் வைக்க மாட்டார்களாம். நம் ஏரிகள் உறைவதில்லை. அதனாலேயே நமக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

சரி, தலைகீழாகப் பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அப்படிப் பிடித்தால் தண்ணீர் கொட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் கொட்டுவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். மூழ்கும்போது பிள்ளை நிறையக் குடித்திருக்கும். அது வயிற்றிலேயே கிடந்தால் உயிர் போகாது. மூச்சு இல்லாததால்தான் உயிர் போகிறது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருந்த சோறும் தண்ணீரும் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும். குடத்தின் மேல் கவிழ்த்துப் போடுவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாம் இதே கதைதான். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாக ஆரம்பிக்கும். நீங்கள் சுற்றிய நேரம் அந்த நாலைந்து நிமிடத்திலிருந்து எடுத்ததுதான். நுரையீரலில் போன தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதன் ஊடாகவே காற்றை ஊத முடியும்.

செய்ய வேண்டியது இதுதான். மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். நெஞ்சு மேலே எழும்ப வேண்டும். அசைவில்லையா, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து 30 அமுக்கு, 2 ஊதல், மறுபடி 30, மறுபடி 2. நுரை வந்தால் அதைத் துடைப்பதில் நேரத்தைக் கடத்தாமல் ஊதிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். எங்கள் கையில் ஒப்படைக்கும் வரை நிறுத்தாதீர்கள், ஜீப்பிலும்தான்.

பிள்ளை தானே மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியைக் கழற்றிக் கம்பளியில் சுற்றுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், சில மணி நேரம் கழித்து மூச்சு திணறலாம். குளிருக்கு பிராந்தி ஊற்றும் மாமாக்களே, தயவுசெய்து வேண்டாம். பிராந்தி தோலைத்தான் சூடாக்கும், உள்சூட்டை வெளியே விரட்டிவிடும்.

தூண்டில் போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், மேலே இருக்கும் என் அப்பா கோபித்துக்கொள்வார். ஆனால் பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். தண்ணீர் வற்றிய சேற்றுச் சரிவில் கால் வைக்கவே விடாதீர்கள். கயிற்றின் முனையில் காலி எண்ணெய் கேன் ஒன்றை மூடியை இறுக்கிக் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். யாராவது விழுந்தால் கூடக் குதிக்காமல் அதை வீசுங்கள். அப்புறம், மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் போய்விடும். அம்மா அப்பா கொழுந்து எடுக்கப் போன பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமாரே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். சத்தம் கேட்டால் ஓடலாம் என்று லயத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் லீவும் கடுங்குளிரும் இங்கே ஒன்றாகத்தான் வரும். அதற்குள் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேராவது ஊதவும் அமுக்கவும் பழகியிருக்க வேண்டும். பழகிப் பார்க்க எங்களிடம் பொம்மை இருக்கிறது. டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், அதைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.