நோயின் முதல் தகவல் சாக்கடையில் இருக்கிறது

ஒரு ஊரில் போலியோ பரவ ஆரம்பித்துவிட்டது என்று எப்போது தெரியவரும்? பெரும்பாலும், கால் செயலிழந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் மருத்துவமனைக்கு ஓடி வரும்போதுதான். அது ரொம்பத் தாமதம். கிருமி தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது, மற்றவர்களில் பலருக்குக் காய்ச்சல்கூட இருக்காது. அப்படியானால் அந்த ஒரு குழந்தை கண்ணில் படும் நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் குடலில் கிருமியைச் சுமந்தபடி நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லோருடைய மலத்திலும் அது வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும், எல்லாம் சேருவது ஒரே கழிவுநீர்க் குழாயில்.

அங்கேதான் கண்காணிப்பு தொடங்குகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நீரில் இல்லாத கிருமி இல்லை, அதற்குள் போலியோவை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? இதற்கு எல்20பி என்ற எலி செல்களைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண எலி செல்லுக்குள் போலியோ வைரஸால் நுழையவே முடியாது. மனித செல்லின் மேல் அது பற்றிக்கொள்ளும் புரதத்தை மட்டும் மரபணு மாற்றம் மூலம் எலி செல்லில் ஏற்றிவிட்டார்கள். இப்போது போலியோ உள்ளே போகும், மற்ற குடல் வைரஸ்களில் பெரும்பாலானவை வெளியே நின்றுவிடும். சில நாளில் செல்கள் உருண்டு திரண்டு தட்டிலிருந்து பிரிய ஆரம்பித்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மரபணு வரிசையைப் படிக்கிறார்கள். போலியோ வைரஸின் வெளி உறைக்கான மரபணு பரவப் பரவ ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் மாறுகிறது. முன்பு கிடைத்த மாதிரியோடு ஒப்பிட்டால் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலமாகச் சத்தமில்லாமல் சுற்றுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஒரு பாட்டில் சாக்கடை நீர் இவ்வளவு சொல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

2013-இல் இஸ்ரேலின் தெற்குப் பகுதிக் கழிவுநீரில் இயற்கையான போலியோ வைரஸ் தென்பட்டது. ஊசி வழித் தடுப்பு மருந்து போட்டிருந்ததால் குழந்தைகளுக்கு வாதம் வரவில்லை, ஆனால் குடலில் கிருமி வளர்வதை அந்த ஊசியால் பெரிதாகத் தடுக்க முடியாது. சாக்கடையைப் பார்த்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், ஒரு குழந்தைக்குக்கூட வாதம் வராமலே பரவல் நின்றது.

விலங்குகளும் இதே மாதிரி முன்கூட்டியே சொல்கின்றன, நாம்தான் காது கொடுப்பதில்லை. 1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன, அப்புறம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டினார்கள். பிராங்ஸ் உயிரியல் பூங்காவின் நோயியல் நிபுணர் டிரேசி மெக்நமாரா அதை ஏற்கவில்லை: அந்த நோய் பறவைகளைக் கொல்லாதே, அப்படியானால் பூங்காவில் பறவைகள் ஏன் சாகின்றன? அவர் சந்தேகித்தது சரிதான், கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. மனித நோய்களைப் பார்ப்பவர்களும் விலங்கு நோய்களைப் பார்ப்பவர்களும் தனித்தனியாக வேலை செய்ததில் வாரங்கள் வீணாயின.

பயிர் நோய்க்குக் காற்றைப் பிடிக்க வேண்டும். ஜிம் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1952-இல் வெளியிட்ட கருவி எளிமையானது: நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு குறுகிய இடுக்கு வழியாக உறிஞ்சும், உள்ளே பசை தடவிய பரப்பு மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். பூஞ்சை வித்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த நாள், எந்த மணி நேரத்தில் எந்த வித்து வந்தது என்று வரிசையாகப் படிக்கலாம், இப்போது டிஎன்ஏ சோதனையும் செய்கிறார்கள். இலையில் புள்ளி விழும் முன்பே தெரிந்தால் தேவைப்படும்போது மட்டும் மருந்து அடிக்கலாம், சும்மா அடிக்கும் மருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகாது.

சரி, எல்லாம் இதில் தெரிந்துவிடுமா? இல்லை. மழை பெய்தால் கழிவுநீர் நீர்த்துப்போகும். யாருக்கு நோய் என்று பாட்டில் சொல்லாது. அந்தரங்கத்துக்கு அது நல்லது என்றாலும், நோயாளியைத் தேடும் வேலை மிச்சமிருக்கும். எனக்குப் பெரிய கவலை வேறு: பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் திறந்த கால்வாய்களிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள், ஆனால் எத்தனை வீட்டுக் கழிவு அதில் கலக்கிறது என்பது உறுதியாகத் தெரியாது, அதனால் கிருமி கிடைக்கவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கழிப்பறையே இல்லாத குடியிருப்புகளின் தகவலோ எந்தப் பாட்டிலுக்கும் வந்து சேருவதில்லை.